முகவரியற்ற முரசு

ஏட்டைப் படிப்பவர் பல்லாயிரவர். ஏட்டின் கடைசிப் பக்கத்து அடியில், எறும்பு ஊர்ந்தாற்போலச் சின்னஞ்சிறு எழுத்தில் கிடக்கும் அந்த ஒற்றை வரியைப் படிப்பவர் எத்தனை பேர்? அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார், ஆசிரியர் இன்னார், அச்சகம் இன்ன தெருவில் உள்ளது என்று கூறும் வரி அது. கதையன்று, கவிதையன்று, கருத்துரையுமன்று. ஆயினும் அந்த ஏட்டிலுள்ள அத்தனை சொல்லுக்கும் அடிக்கல் அந்த வரியே! "சொன்னவர் நாம், கேட்க வேண்டியது இருப்பின் இந்த முகவரிக்கு வருக" என்று நெஞ்சு நிமிர்த்தி நிற்கும் வரி. 1867-ஆம் ஆண்டில் வெள்ளையர் ஆட்சி இயற்றிய அச்சகச் சட்டம் அந்த வரியைக் கட்டாயமாக்கிற்று. நம்மீது கொண்ட அன்பினால் அன்று. நம்மைக் கண்காணிக்கவே இயற்றினர். எனினும் வேவு பார்க்க விதித்த விதி, நாளடைவில் நாணயத்தின் முத்திரையாகவும் ஆயிற்று.

கைப்பேசி இல்லாத கையைக் காண்பது அரிதாகிவிட்ட இந்நாளில், பொழுது விடிந்து பொழுது சாய்வதற்குள் நம்மிடம் வந்து விழும் செய்திகள் எத்தனை, படங்கள் எத்தனை, காணொளிகள் எத்தனை! அவற்றின் அடியில் அந்த வரி எங்கே? வெளியிட்டவர் யார்? எந்த ஊர்? எந்தத் தெரு? சமூக ஊடகம் என்று இன்று வழங்கும் இந்தப் பெருமேடை எப்படித் தோன்றிற்று, எவ்வழியில் வளர்ந்தது, வளர்ந்த வழியில் அந்த ஒற்றை வரியை எங்கே தொலைத்தது என்பதைக் கொங்கு மண்ணில் நின்று பார்ப்போம்.

கொங்கு நாட்டில் நின்று பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அந்த வரிக்கு விலை கொடுத்த நாடு இது. 1925-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் ஈரோட்டில் 'குடிஅரசு' பிறந்தது. அதன் அச்சகத்தைத் திறந்து வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகள்! பழமையின் கோட்டையைப் பீரங்கி கொண்டு தாக்கப் போகும் ஏட்டுக்குச் சைவத் துறவி திறப்பாளர். வரலாறு சில வேளை இப்படியும் விளையாடும். 1933 அக்டோபரில் அவ்வேடு ஆட்சிமுறையைக் கண்டித்துத் தலையங்கம் தீட்டிற்று. அரசாங்கம் யாரைத் தேடுவது என்று திகைக்கவில்லை. தேட வேண்டிய தேவையும் இல்லை. கடைசிப் பக்கத்தில் பெயர் இருந்தது. டிசம்பரில் ஆசிரியர் ஈ.வெ.ரா.வும், வெளியிடுவோராக இருந்த அவர் தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாளும் கைது செய்யப்பட்டனர். 1934-இல் இருவரும் தண்டனை பெற்றனர். 'குடிஅரசு' நின்ற இடத்தில் 'புரட்சி' எழுந்தது; அதுவும் நின்ற இடத்தில் 'பகுத்தறிவு' எழுந்தது. சித்திரபுத்திரன் என்னும் புனைபெயரில் அவ்வேட்டில் பல கட்டுரைகள் வந்ததுண்டு. எழுதியவர் பெயரை மறைத்தார். ஏடு தன் முகவரியை மறைக்கவில்லை. இந்த வேறுபாட்டைப் படிப்போர் நினைவில் இருத்துக, பின்னர் தேவைப்படும்.

அந்நாளில் ஏடு ஒன்றே, படிப்பவர் பத்துப்பேர், கேட்பவர் ஐம்பதுபேர். 1888-இல் ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியால் கோவையில் முதல் நூற்பாலை தோன்றிற்று. 1930-களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்ததும், பீளமேடு, சிங்காநல்லூர் என்று திசைதோறும் ஆலைகள் பெருகின. ஆலை வாயிலில் தேநீர்க் கடை. கடையில் ஒரு நீண்ட பலகை. பலகைமேல் ஓர் ஏடு. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார். பஞ்சு படிந்த தலையோடு ஆலையிலிருந்து வெளிவந்தவர் கேட்பார். "நிறுத்தப்பா, இது நடக்கிற காரியமா?" என்று ஒருவர் குறுக்கிடுவார். "ஏன் நடக்காது?" என்று மற்றொருவர் மல்லுக்கு நிற்பார். முடி திருத்தும் நிலையத்திலும் இதே காட்சி; படிப்பகத்திலும் இதே காட்சி; வாரச் சந்தையில் மாட்டுக்கு விலை பேசும் இடத்திலும் இதே காட்சி. ஒரு செய்தியைச் சுற்றிப் பலர் கூடிப் பேசுவதுதான் சமூக ஊடகம் எனின், மின்சாரம் ஊர் வருமுன்பே அது நம் ஊர்களில் இருந்தது. பேசியவர் முகம் கேட்டவர்க்குத் தெரிந்தது. பொய்யுரைத்தவர் மறுநாளும் அதே பலகையில் வந்து அமர வேண்டியிருந்தது!

ஆயினும் பழங்காலம் பொற்காலம் என்று பாடுவது நம் வழக்கமன்று. அதே தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்தது. உள்ளே அமர்ந்து பேசுவோர்க்கு ஒரு குவளை. வெளியே நின்று குடிப்போர்க்கு வேறு குவளை. நாட்டு நடப்பு பேசிய அந்தப் பலகையில் சேரி மகனுக்கு இடமில்லை. பெண்ணுக்கோ கடை வாயிலே இல்லை. மேடை இருந்தது; மேடைக்குப் படிக்கட்டு எல்லார்க்கும் இல்லை. புதிய கருவி வந்தபோது, "இனி இரட்டைக் குவளை இல்லை, எவரும் பேசலாம், எவரும் கேட்கலாம்" என்று பலர் மகிழ்ந்தனரே, அம்மகிழ்ச்சியைப் பேதைமை என்று நாம் எள்ளி நகையாடமாட்டோம். அதில் நியாயம் இருந்தது.

கருவியின் கதைக்கு வருவோம். 1978 பிப்ரவரியில், அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில், வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் இருவர், தொலைபேசிக் கம்பி வழியே கணினியோடு கணினி பேசும் ஓர் அறிவிப்புப் பலகையை இயக்கினர். ஒருவர் எழுதி வைப்பார். மற்றொருவர் பின்னர் வந்து படித்துப் பதில் எழுதி வைப்பார். நம் படிப்பகத்துச் சுவரில் ஒட்டிய தாளுக்கு அடியில் பென்சிலால் கருத்து எழுதிச் செல்வோமே, அதுபோல! 1997-இல் 'சிக்ஸ் டிகிரீஸ்' என்னும் தளம் வந்தது. தன் பெயர், தன் நண்பர் பட்டியல், நண்பருடைய நண்பர் என்று விரியும் இன்றைய அமைப்பின் கரு அதில் இருந்தது. மக்கள் கையில் கணினி போதுமான அளவு இல்லாத காலம். சில ஆண்டுகளில் அது மறைந்தது. 2002-இல் பிரெண்ட்ஸ்டர், 2003-இல் மைஸ்பேஸ், 2004-இல் ஆர்குட், அதே ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக் கழக மாணவர் விடுதியில் முகநூல் என்று அடுத்தடுத்து எழுந்தன.

அந்த நாட்களில் தமிழர் சும்மா இருந்தாரில்லை. பெருநிறுவனங்கள் தமிழை ஒரு பொருட்டாக எண்ணாத காலத்திலேயே, மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், ஒருவரையொருவர் நேரில் கண்டறியாத தமிழர் பலர், நாடுவிட்டு நாடு இணைந்து, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து வலையில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் அதற்குத் தலைமை தாங்கினார். கூலி இல்லை, விளம்பரம் இல்லை, விருப்பக் குறி இல்லை! 2004-இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய 'தமிழ்மணம்', எங்கெங்கோ சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பதிவுகளை ஒரு பந்தலின் கீழ்த் திரட்டிற்று. அங்கே சண்டை நடந்தது; சாதிச் சண்டை, சமயச் சண்டை, இலக்கியச் சண்டை எல்லாம் நடந்தன. ஆயினும் பதிவுகள் வந்த நேர வரிசையிலேயே நின்றன. கோபம் மூட்டும் எழுத்தைத் தேடியெடுத்துக் கூட்டத்தின் முன் நிறுத்தும் கை எதுவும் திரைக்குப் பின்னால் இல்லை.

தமிழ் எழுத்துக்கும் அந்நாளில் துன்பம் இருந்தது. ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் கட்டங்களாகவும் கோடுகளாகவும் தோன்றும். எழுத்துரு ஆளுக்கு ஒன்று; குறியேடு ஊருக்கு ஒன்று. 2010 ஜூனில் கோவைக் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடியபோது, அதனோடு தமிழ் இணைய மாநாடும் கூடிற்று. அந்த நாட்களில்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்று ஆணையிட்டது. மாநாட்டு ஊர்வலத்தின் அலங்கார ஊர்திகளை நினைவில் வைத்திருப்போர் பலர். அந்த ஆணையை நினைவில் வைத்திருப்போர் சிலரே. நம் கருத்தில் ஊர்திகளைவிட அந்த ஆணை பெரிது. வடமதுரையில் இருப்பவர் எழுதிய தமிழ், மேட்டுப்பாளையத்திலும் மெல்போர்னிலும் ஒரே தமிழாய்த் தெரிய வேண்டும் என்பதைவிட ஒரு மொழிக்கு வேறென்ன விழா வேண்டும்?

ஆர்குட்டைப் பற்றி ஒரு சொல். கூகுள் நிறுவனத்துப் பொறியாளர் ஆர்குட் என்பாரின் பெயரையே தாங்கி வந்த அத்தளம், பிரேசிலிலும் இந்தியாவிலும் கொடிகட்டிப் பறந்தது. கோவையின் பொறியியல் கல்லூரி மாணவர் கணினி மையங்களில் வரிசையில் நின்று, மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து அதில் நுழைந்தனர். ஊருக்கொரு குழு, கல்லூரிக்கொரு குழு, நடிகருக்கொரு குழு, ஆம், சாதிக்கொரு குழுவும் அங்கே முளைத்தது. 2014 செப்டம்பர் 30-ஆம் நாள் உரிமையாளர் கதவை இழுத்து மூடினார். குழுக்களின் பழைய பேச்சுகள் சிறிது காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. பிறகு அவையும் எடுக்கப்பட்டன. 1925-ஆம் ஆண்டுக் 'குடிஅரசு' இன்றும் படிக்கக் கிடைக்கிறது. 2006-ஆம் ஆண்டு ஆர்குட்டில் நம் இளைஞர் பேசியது எங்கும் இல்லை! தாள் கிழியும், செல்லரிக்கும், நனையும். எனினும் ஒருவர் நினைத்த மாத்திரத்தில் ஓர் ஊரின் பேச்சு முழுவதும் மறைவதில்லை. நாம் கூடிப் பேசும் மன்றம் பிறருடைய மனையில் கட்டிய மன்றம் என்பதை அன்றே உணர்ந்திருக்க வேண்டும்.

இனித்தான் கதையின் கணு. முகநூல் முதலில் ஒரு பெயர்ப் பதிவேடாக இருந்தது. நண்பர் என்ன எழுதினார் என்று அறிய, அவர் பக்கத்துக்கு நாமே நடந்து போக வேண்டும். 2006 செப்டம்பரில் அந்நிறுவனம் 'செய்தியோடை' என்ற ஒன்றைக் கொணர்ந்தது. இனி நாம் போக வேண்டியதில்லை. செய்தி நம்மைத் தேடி வரும். அதே மாதத்தில் எவரும் சேரலாம் என்று கதவும் திறந்துவிடப்பட்டது. 2009-இல் விருப்பக் குறி வந்தது. அதே ஆண்டில் ட்விட்டர், பிறர் சொன்னதை ஒரே தொடுதலில் மீண்டும் பரப்பும் பொத்தானை அமைத்தது. (ஆ! எத்துணை சிறிய பொத்தான்! அதை உருவாக்கிய குழுவின் தலைவரே 2019-இல், செய்தது பிழை என வருந்திப் பேசினார்.) இம்மூன்றும் சேர்ந்ததன் பொருள் யாது? வரும் செய்திகளில் எதை முதலில் காட்டுவது, எதைக் கடைசியில் தள்ளுவது என்பதை நிறுவனத்தின் கணினி முடிவு செய்யும். எதை வைத்து முடிவு செய்யும்? எதைக் கண்டால் நாம் நின்று பார்ப்போமோ, பதறுவோமோ, பிறர்க்கு அனுப்புவோமோ அதை வைத்து. ஏன்? நாம் நிற்கும் நேரமே அவர்கள் விற்கும் சரக்கு. விளம்பரக்காரரே அதை வாங்கும் வணிகர்.

2017 முதல் முகநூல் நிறுவனம், சினத்தைக் காட்டும் முகக் குறிக்குச் சாதாரண விருப்பக் குறியைப்போல் ஐந்து மடங்கு எடை தந்து வந்தது என்பது, 2021-இல் அந்நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளிவந்தபோது உலகறிந்த செய்தியாயிற்று. பஞ்சுக்கு எடை போடும் தராசில் ஐந்து மடங்கு கள்ள எடை வைத்தால், கோவைச் சந்தையில் அந்த வணிகர் தப்புவாரா? இங்கே தராசு கண்ணுக்குத் தெரியாது, எடைக்கல்லும் தெரியாது, ஏமாந்தோம் என்பதும் தெரியாது!

"நாங்கள் அஞ்சல்காரர் போன்றவர், கடிதத்தில் இருப்பதற்கு நாங்கள் பொறுப்பாவோமா?" என்று நிறுவனத்தார் கேட்கின்றனர். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவும் ஏறத்தாழ இந்தக் காப்பையே அவர்களுக்கு வழங்குகிறது. அஞ்சல்காரர் கடிதங்களைப் பிரித்துப் பார்த்து, வசைக் கடிதத்தை முதலில் தந்து, நலம் வினவும் கடிதத்தைப் பையின் அடியில் போடுவதில்லையே! எதை முதற்பக்கத்தில் இடுவது என்று முடிவு செய்பவருக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. ஆசிரியர் என்பது அப்பெயர். ஆசிரியர் வேலையைப் பார்ப்போம், ஆசிரியர் பெயரை மட்டும் இடமாட்டோம் என்பது எந்த ஊர் நியாயம்? ஈரோட்டில் பெயரிட்டவர் சிறை சென்றனர். கலிபோர்னியாவில் பெயரிடாதவர் செல்வந்தராயினர்.

இந்த மேடை கொங்கு நாட்டுக்கு வந்தபோது என்ன செய்தது? 2015-ஆம் ஆண்டையும் திருச்செங்கோட்டையும் எடுத்துக் கொள்வோம். பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்த நாவல். நான்கு ஆண்டுகள் எவருக்கும் புண்படவில்லை. 2014 இறுதியில் அதன் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரெங்கும் பரப்பப்பட்டன. முழு நூலைப் படித்தவர் சிலர். கிழித்தெடுத்த பக்கத்தைக் கண்டு கொதித்தவர் பல்லாயிரவர். ஊர்க் கடையடைப்பு, நூல் எரிப்பு, அதிகாரிகள் முன்னிலையில் 'சமாதானப் பேச்சு'. 2015 சனவரியில் அந்த எழுத்தாளர், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். துரத்திய கூட்டத்துக்கு நகல் தாள், துரத்தப்பட்டவருக்கு முகநூல்! 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்று தீர்ப்புரைத்தது. அவர் மீண்டும் எழுதினார்.

அதே 2015; அதே திருச்செங்கோடு. சூன் மாதத்தில், வேறு சாதிப் பெண்ணோடு பேசிக் கொண்டிருந்த குற்றத்திற்காகக் கோகுல்ராஜ் என்னும் பொறியியல் பட்டதாரி, ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த இளைஞர், கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். குற்றஞ்சாட்டப்பட்ட சாதி அமைப்புத் தலைவரோ காவல்துறைக்குத் தலைமறைவு, வாட்ஸ்அப்புக்குத் தலைமறைவல்லர்! ஒளிந்திருந்த இடத்திலிருந்து பேசிப் பேசி அனுப்பினார். அப்பேச்சு கைப்பேசி கைப்பேசியாகத் தாவிற்று. கேட்டுக் கிளர்ந்தவரும் உண்டு. முன்னாளில் தலைமறைவானவர்க்கு மேடை கிடையாது. இந்நாளில் தலைமறைவே மேடையாயிற்று. அக்டோபரில் அவர் சரணடைந்தார். 2022 மார்ச்சில் வாழ்நாள் சிறைத் தண்டனை பெற்றார். தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை உடைந்ததென்று மகிழ்ந்தோமே, அது உடையவில்லை. கைப்பேசிக்குள் குடிபுகுந்தது. சாதிக்கொரு குழு, குழுவுக்கொரு காவலர், உள்ளே வருவோரின் குலம் கேட்டுச் சேர்த்தல்!

ஆயினும் அதே கருவி சாட்சியும் சொல்லும். 2016 மார்ச் 13-ஆம் நாள் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கண்காணிப்புப் படக்கருவி பதிவு செய்தது. அப்பதிவு நாடெங்கும் பரவிற்று. சாதிக் கொலைகளைத் தற்கொலை என்றும் காய்ச்சல் என்றும் எழுதி மூடும் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லவில்லை. 2017 சனவரியில், சல்லிக்கட்டுத் தடைக்கு எதிராகச் சென்னை மெரினாவில் திரண்டாற்போலவே கோவை வ.உ.சி. மைதானத்திலும் மாணவர் பல்லாயிரவராய்த் திரண்டு இரவும் பகலும் அமர்ந்தனர். அழைத்த தலைவர் இல்லை. அச்சிட்ட துண்டறிக்கை இல்லை. வாட்ஸ்அப்பும் முகநூலுமே தூது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலையைத் தரைமட்டமாக்கிய சில மாதங்களில் நடந்தது இது. நோக்கத்தில் கருத்து வேறுபாடு உடையோர் உண்டு. எளிய மாணவரும் ஊரைக் கூட்ட முடியும் என்பதை அது மெய்ப்பித்ததை எவரும் மறுக்கவியலாது.

பொள்ளாச்சியை எண்ணும்போது எழுதுகோல் தயங்குகிறது. முகநூலில் நட்பு நாடகமாடி, நம்பி வந்த பெண்களைப் பாழ்படுத்தி, படமெடுத்து மிரட்டிய கும்பல் 2019 தொடக்கத்தில் வெளிப்பட்டது. துணிந்து முறையிட்ட பெண்ணின் பெயரை அரசாணையே வெளியிட்டது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதைக் கண்டித்து அவருக்கு 25 இலட்ச ரூபாய் வழங்குமாறு பணித்தது. அரசு செய்த தவறு அது. மக்கள் செய்தது யாது? அடி தாங்காது கதறிய பெண்ணின் குரல் பதிந்த காணொளியை, "அந்தோ பாருங்கள் கொடுமையை" என்று எழுதி, ஆளுக்கு இருபது பேருக்கு அனுப்பினர்! இரக்கத்தின் பெயரால் அந்தக் கதறல் வீடுதோறும் ஒலித்தது. அப்பெண்ணைக் கேட்டு அனுப்பியவர் யார்? 2025 மே 13-ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. முன்வந்து சாட்சியுரைத்த பெண்களின் நெஞ்சுரம் அது.

நிறுவனத்தார் நினைத்தால் செய்ய முடியாதா என்றொரு கேள்வி உண்டு. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துவோர் வந்துள்ளனர் என்று வாட்ஸ்அப்பில் உலவிய வதந்தியை நம்பிய கூட்டம், 65 வயது மூதாட்டி ஒருவரை அடித்துக் கொன்றது. வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், அவ்வளவே! இந்தியாவின் பிற பகுதிகளிலும் அவ்வாண்டு இத்தகைய கொலைகள் தொடர்ந்தன. அதன் பின்னரே, சூலையில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவியலாது என்ற வரம்பு இந்தியாவில் வந்தது. அதற்குமுன் இருநூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு ஒரே தொடுதலில் அனுப்பலாம். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு வேளைக்கு ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று சுருக்கினர். அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததென நிறுவனமே அறிவித்தது. ஆக, வழி இருந்தது. திருகு அவர்கள் கையிலேயே இருந்தது. இருநூற்றிலிருந்து ஐந்துக்கு வர எத்தனை பிணங்கள் தேவைப்பட்டன!

அரசாங்கத்தார் காட்டிய வழியோ வேறு. பொறுப்பைத் தேடினர், எளியவர் தலையில் கண்டெடுத்தனர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவைக் காட்டி, 2012-இல் புதுச்சேரியில் சிறு தொழில் செய்யும் ஒருவர், அமைச்சர் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காகக் கைது செய்யப்பட்டார். 2015 மார்ச் 24-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அப்பிரிவையே செல்லாதென்று வீழ்த்தியது. 2023-இல் ஒன்றிய அரசு, தன்னைப் பற்றிய செய்தி மெய்யா பொய்யா என்று தானே முத்திரை குத்தும் குழுவுக்கு விதி வகுத்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அதையும் வீழ்த்தியது. தன் வழக்குக்குத் தானே நடுவராக அமர எவர் விரும்பினாலும் நாம் ஐயுறுவோம். அவர் எந்தக் கட்சியினர் ஆயினும் சரி.

எழுதுவோர் அனைவரும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்போரும் உளர். இங்கேதான் சித்திரபுத்திரனை நினைவூட்டுகிறோம். ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அஞ்சும் சிற்றூர்ப் பெண், ஆலை நிருவாகத்துக்கு அஞ்சும் தொழிலாளி, தெருவில் செருப்பணிந்து நடந்த கதையை எழுத விரும்பும் சேரி இளைஞர், இவர்களுக்குப் புனைபெயர் கவசம். அதைப் பறித்தால் பேச்சு மீண்டும் மேல் பலகைக்காரருக்கே உரித்தாகும். எழுதுவோர் முகத்திரை அணியட்டும். அச்சகம் அணியலாகாது என்பதே நம் வழக்கு. எதை எவர்முன் நிறுத்துவது என்று தேர்ந்து, அதனால் பொருளீட்டும் நிறுவனம், தேர்வின் முறையை வெளியிட்டு, இந்நாட்டு முகவரியில் நின்று, வழக்குக்கு வர வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகள் குறை கேட்கும் அலுவலரை நியமிக்கச் சொன்னது நன்றே. அதே விதிகள், முதலில் அனுப்பியவரைக் காட்டிக் கொடு என்றும் கேட்டன. முன்னது அச்சகத்தின் பெயரைக் கேட்பது. பின்னது வாசகர் வீட்டுக் கதவைத் தட்டுவது.

நம்மவர் செய்த 'அரட்டை'யையும் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் வளர்ந்த ஜோஹோ நிறுவனம் 2021-இல் வெளியிட்ட செயலி அது. 2025 இறுதியில் திடீரென நாடெங்கும் பேர் பெற்றது. வடபுலத்தாரும் நாவைச் சுழற்றி 'அரட்டை' என்று சொல்லப் பழகியது செவிக்கு இனிமைதான்! பெயர் தமிழாயிற்று, திருகு யார் கையில், விளம்பரம் யாருக்கு, வதந்தி பரவினால் பொறுப்பவர் யார் என்ற வினாக்கள் அதற்கும் உண்டு. மொழிப்பற்று அவ்வினாக்களுக்கு விடையாகாது.

2023 மார்ச் முதல் வாரத்தில் இவ்வினாக்கள் அனைத்தும் திருப்பூர்த் தெருவில் வந்து நின்றன. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று கூறும் காணொளிகள் வடநாடெங்கும் பரவின. பீகார்ச் சட்டமன்றத்தில் அமளி. காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார்: காணொளிகளுள் ஒன்று, பீகார்த் தொழிலாளர் தம்முள் மோதிக் கொண்டது, மற்றொன்று, கோவை உள்ளூர்க்காரர் இருவரிடையே நடந்தது. இரண்டிலும் தமிழருக்கும் வெளிமாநிலத்தாருக்கும் மோதல் இல்லை! ஹோலிப் பண்டிகைக்கு ஊர் செல்லத் தொடர்வண்டி நிலையங்களில் கூடியவரின் படமும், உயிர் பிழைக்க ஓடுவோர் படமாய் உலவிற்று. மனைவியும் தாயும் ஊரிலிருந்து அழுது அழைக்க, பின்னலாடைத் தொழிலாளர் நடுங்கினர். ஆலைகளில் வேலை தடுமாறிற்று. பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூரும் கோவையும் வந்து பார்த்துச் சென்றது. ஒரு நாளேட்டின் ஆசிரியர் மீதும், பெயர் தெரிந்த சிலர் மீதும் வழக்குகள் பதிவாயின. அக்காணொளியை இலட்சக் கணக்கானோர் முன் கொண்டு நிறுத்திய தளங்களின் பெயர் எந்த வழக்கிலும் குற்றவாளியாக ஏறவில்லை.

திருப்பூரிலும் கோவையிலும் அதிகாரிகள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சென்றனர், இந்தியில் பேசினர், இந்தியில் அறிவிப்பு விடுத்தனர். இந்தித் திணிப்பை எதிர்த்து உயிர் ஈந்த நாடு, அஞ்சி நின்ற தொழிலாளியிடம் அவர் தாய்மொழியில் ஆறுதல் சொன்னதில் முரண் ஏதும் இல்லை. திணிப்பு வேறு, பரிவு வேறு. அந்த அறிவிப்பும் அதே கைப்பேசிகளுக்கே சென்றது. ஆனால் அதன் அடியில் அனுப்பிய அலுவலகத்தின் பெயரும், அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் இருந்தன.